அசமன்பாட்டு விடை பொருந்தவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ம ≥ −4 என்று இருக்கிறது. உங்கள் நோட்டில் ம ≤ −4. ஐந்தாறு வரி எழுதியிருக்கிறீர்கள், ஒவ்வொரு வரியும் ஒழுங்காகத்தான் தெரிகிறது. இந்த இடத்தில் எல்லோரும் செய்வது, முதல் வரியிலிருந்து கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. அதே கை, அதே வழி. மறுபடியும் ம ≤ −4 தான் வந்து நிற்கும்.

அதனால் திரும்பப் போடாதீர்கள். தவறான விடையைத் தூக்கி எறியாமல் அதையே கேள்வியில் போட்டுப் பாருங்கள். எங்கே தவறியது என்பதை அதுவே முக்கால்வாசி காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே மாறியை ‘ம’ என்று எழுதுகிறேன். உங்கள் நோட்டில் எக்ஸ் இருந்தாலும் வேலை ஒன்றுதான். அசமன்பாடு என்று நான் சொல்வதைச் சில நூல்கள் சமனிலி என்கின்றன. இரண்டும் ஒரே பொருள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்தச் சோதனை

ம ≥ −4 போன்ற ஒரு விடைக்குள் மூன்று தகவல்கள் இருக்கின்றன. −4 என்பது எல்லை. அதற்கு வலப்புறம் என்பது பக்கம். −4 தானும் சேர்த்தியா இல்லையா என்பது முனை. சமன்பாட்டில் எண் ஒன்று தவறினால் விடை மொத்தமும் தவறு. இங்கே அப்படியில்லை. எல்லை சரியாக இருந்து பக்கம் மட்டும் தவறலாம், பக்கம் சரியாக இருந்து எல்லை தவறலாம். எது தவறியது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எல்லையைச் சோதிக்க, அந்த எண்ணைக் கேள்வியில் போடுங்கள். நீங்கள் சுருக்கி எழுதிய வரியில் போட்டுப் பயனில்லை, கேள்வியில் உள்ள வரியிலேயே போட வேண்டும். இரு பக்கமும் ஒரே எண் வந்தால் எல்லை சரி.

பக்கத்தைச் சோதிக்க, 0-ஐப் போடுங்கள். எல்லையே 0 என்றால் 1-ஐப் போடுங்கள். கேள்வி உண்மையானால் உங்கள் விடைக்குள் 0 இருந்தாக வேண்டும். பொய்யானால் இருக்கக் கூடாது.

முனைக்குக் கணக்கே வேண்டாம். கேள்வியில் குறிக்கு அடியில் கோடு இருந்தால் விடையிலும் கோடு இருக்கும், அங்கே இல்லையென்றால் இங்கேயும் இல்லை.

மேலே சொன்ன கணக்கு இது: 7 − 3ம ≤ 19. −4-ஐப் போட்டால் 7 + 12 = 19. இரு பக்கமும் 19, எல்லை சரி. அப்புறம் 0: 7 ≤ 19, உண்மை. ஆனால் ம ≤ −4 என்ற விடைக்குள் 0 இல்லை. ஆகப் பக்கம் மட்டும்தான் தவறு. கூட்டல், கழித்தல், வகுத்தல் எதையும் இனித் துழாவ வேண்டியதில்லை. குறியின் திசை மாறியிருக்க வேண்டிய வரி எது என்று மட்டும் தேடினால் போதும்.

அறிகுறி: எண் சரி, பக்கம் தலைகீழ்

மேலே உள்ள கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

7 − 3ம ≤ 19
−3ம ≤ 12
ம ≤ −4

கடைசி வரியில்தான் கோளாறு. −3-ஆல் வகுத்திருக்கிறோம், குறி திரும்பவில்லை. குறை எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் குறி திரும்பும்; விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் ஏன் விட்டுப்போகிறது என்றால், அதை ஒரு சட்டமாக மனப்பாடம் செய்திருக்கிறோம், எண்கோட்டில் பார்த்ததில்லை.

எண்கோடு ஒன்று வரைந்து 2, 5 இரண்டையும் குறியுங்கள். 2 இடப்புறம், 5 வலப்புறம். இரண்டையும் −1-ஆல் பெருக்கினால் −2, −5 ஆகும். 0-இல் ஒரு கண்ணாடியை நிறுத்தியது போல இரண்டும் எதிர்ப்பக்கம் போய்விடுகின்றன. முன்பு 0-விலிருந்து அதிக தூரத்தில் இருந்த 5 இப்போதும் அதிக தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் இடப்புறமாக. அதனால் −5 சின்னது, −2 பெரியது. குறியை நாம் திருப்புவதில்லை, எண்கள் இடம் மாறிக்கொண்டதைக் குறி சொல்கிறது, அவ்வளவுதான். கூட்டும்போதும் கழிக்கும்போதும் இரண்டு எண்ணும் ஒரே பக்கமாக ஒரே அளவு நகர்கின்றன. யார் முன்னே, யார் பின்னே என்பது மாறுவதில்லை, அதனால் குறியும் அசைவதில்லை.

இது புரிந்தும் அவசரத்தில் விட்டுப்போகிறவர்களுக்கு ஒரு மாற்று வழி. குறை எண்ணால் வகுக்கும் நிலையையே வரவிடாதீர்கள். ம-வின் கெழு, அதாவது ம-வுக்கு முன்னால் உள்ள எண், எந்தப் பக்கம் மிகையாக வருமோ அந்தப் பக்கம் ம-வைக் கொண்டுபோங்கள்.

7 − 3ம ≤ 19
7 − 19 ≤ 3ம
−12 ≤ 3ம
−4 ≤ ம

குறி ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ம இடப்புறம்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. தேர்வில் நான் இந்த வழியைத்தான் பயன்படுத்தினேன், இப்போதும் அப்படித்தான். இதில் ஒரே ஆபத்து கடைசி வரியைப் படிக்கும் இடத்தில் இருக்கிறது. அது அடுத்த அறிகுறி.

அறிகுறி: திருப்பக் கூடாத இடத்தில் திருப்பியாயிற்று

இதிலும் எல்லை சரியாக இருக்கும், பக்கம் தவறும். ஆனால் காரணம் நேர்மாறு. மைனஸைக் கண்டாலே குறியைத் திருப்பும் பழக்கம் வந்துவிட்டவர்களுக்கு இது வரும்.

4ம < −20 என்ற வரியில் 4-ஆல் வகுக்கிறோம். வலப்பக்கம் மைனஸ் இருக்கிறதே என்று ம > −5 என எழுதிவிடுகிறார்கள். மைனஸ் எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை. எதனால் வகுக்கிறோம் என்பதுதான் கேள்வி. 4 மிகை எண், ஆக ம < −5. சோதனை: 0-ஐப் போட்டால் 0 < −20, பொய். எனவே 0 விடைக்குள் இருக்கக் கூடாது. ம > −5 தவறு என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

“அந்தப் பக்கம் போனால் மைனஸ் ஆகும்” என்று படித்தவர்களுக்கு இதே நோய் வேறு மாதிரி வரும். ம + 8 > 3 என்பதில் 8-ஐ அந்தப் பக்கம் அனுப்பும்போது ப்ளஸ் மைனஸாக மாறுகிறது. அதோடு சேர்த்து > குறியையும் மாற்றிவிடுகிறார்கள். உண்மையில் எதுவும் எங்கேயும் போவதில்லை. இரு பக்கமும் 8 கழிக்கிறோம், அவ்வளவுதான். ம > −5.

மூன்றாவது வகை, படிப்பதில் வரும் தவறு. 9 > 2ம + 1 என்பதைச் சுருக்கினால் 4 > ம. அதை ம > 4 என்று பெயர்த்து எழுதுவது. 4 பெரியது என்றால் ம சிறியது. ம < 4. இப்படிப் பக்கம் மாற்றி எழுதும்போது குறியின் கூர்முனை எந்த உறுப்பைப் பார்த்திருந்ததோ அதையே தொடர்ந்து பார்க்க வேண்டும். 4 > ம என்பதில் கூர்முனை ம-வைப் பார்க்கிறது. ம < 4 என்பதிலும் ம-வையே பார்க்கிறது.

அறிகுறி: எல்லை எண்ணே தவறு

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் காரணங்கள் பல. ஆனால் எல்லைச் சோதனை “தவறு” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. எவ்வளவு தவறு என்றும் சொல்கிறது. அந்த அளவைப் பாருங்கள்.

5 − 2(ம − 3) > 1 என்ற கணக்குக்கு ம < −1 என்று வந்திருக்கிறது. −1-ஐக் கேள்வியில் போட்டால் 5 − 2(−4) = 13. வலப்பக்கம் 1. வித்தியாசம் 12. இப்போது 12 எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். ஒரு மாறிலியின் கூட்டல் கழித்தல் குறி தவறினால் விளையும் வித்தியாசம் அந்த எண்ணின் இரு மடங்கு, ஏனென்றால் +6 இருக்க வேண்டிய இடத்தில் −6 வந்தால் இடைவெளி 12. ஆக 6-ஐத் தேடுங்கள். அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது −2-ஐ −3-ஆல் பெருக்கி +6 வந்திருக்க வேண்டும். நோட்டில் −6 இருக்கும். பிழை கிடைத்துவிட்டது. சரியான வேலை:

5 − 2ம + 6 > 1
11 − 2ம > 1
10 > 2ம
ம < 5

எல்லைச் சோதனை: 5 − 2(2) = 1. பொருந்துகிறது.

இதே கணக்கில் ம < 1/2 வந்தால், சோதனையில் இடப்பக்கம் 10 வரும், வித்தியாசம் 9. அடைப்புக்குறிக்குள் இருந்த −3-ஐ −2 தொடவே இல்லை, அப்படியே வெளியே வந்துவிட்டது. +6 இருக்க வேண்டிய இடத்தில் −3, வித்தியாசம் 9. 10/3 போன்ற அசிங்கமான பின்னம் வந்தால், அநேகமாக 5 − 2 என்பதை முதலில் 3 ஆக்கியிருப்பீர்கள். பெருக்கல் முதலில், கழித்தல் பிறகு. கேள்வியில் முழு எண்களாகவே இருந்து விடையில் கோணல் பின்னம் வருவது எப்போதும் பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு முறை சந்தேகப்பட அது போதும்.

பின்னங்கள் உள்ள கணக்கில் இந்தத் துப்பு இன்னும் தெளிவாக விழும்.

(ம − 1)/2 − (2ம + 1)/3 ≤ 1

2, 3 இரண்டுக்கும் பொது மடங்கு 6. இரு பக்கமும் 6-ஆல் பெருக்குகிறோம்.

3(ம − 1) − 2(2ம + 1) ≤ 6
3ம − 3 − 4ம − 2 ≤ 6
−ம − 5 ≤ 6
−ம ≤ 11
ம ≥ −11

இதில் அடிக்கடி விழும் குழி, வலப்பக்கத்து 1-ஐ 6-ஆல் பெருக்க மறப்பது. பின்னம் இல்லாத உறுப்பு கண்ணில் படாமல் தப்பித்துவிடுகிறது. அப்படி மறந்தால் −ம − 5 ≤ 1, அதாவது ம ≥ −6. இந்த −6-ஐக் கேள்வியில் போடுங்கள்: −7/2 + 11/3. கணக்கிட்டால் 1/6. 1 வர வேண்டிய இடத்தில் 1/6! மறந்துபோன 6 தன் அடையாளத்தை அங்கேயே விட்டுப் போயிருக்கிறது. எல்லைச் சோதனையில் வலப்பக்கம் இருக்க வேண்டிய எண்ணை உங்கள் பொது மடங்கால் வகுத்த மதிப்பு வந்தால், பெருக்க மறந்தது வலப்பக்கத்தை என்று அர்த்தம்.

இன்னொரு குழி, இரண்டாவது பின்னத்தின் முன்னால் உள்ள கழித்தல். பின்னக்கோடு ஓர் அடைப்புக்குறி மாதிரி வேலை செய்கிறது. மேலே உள்ள 2ம + 1 முழுவதும் கழிபடுகிறது. −2(2ம + 1) என்பதை −4ம + 2 என்று எழுதினால் ம ≥ −7 கிடைக்கும். சோதனையில் −4 + 13/3 = 1/3. பின்னம் நீக்கிய கணக்கில் இது 6 × 1/3 = 2. வர வேண்டியது 6. வித்தியாசம் 4, அதாவது 2-இன் இரு மடங்கு. மறுபடியும் அதே கதை, அந்த 2-க்குக் குறி தவறியிருக்கிறது. அதனால் பகுதியை நீக்கும் வரியில் தொகுதியைச் சுற்றி அடைப்புக்குறி போட்டே எழுதுங்கள். ஒரு வரி மிச்சம் பிடிப்பதற்காக அதைத் தாண்டிக் குதிப்பது நஷ்டம்.

இதுவரை பார்த்தது மாறிலியில் தவறினால். ம உள்ள உறுப்பில் தவறினால் வித்தியாசத்தை எல்லை எண்ணால் வகுக்க வேண்டும். உதாரணம்: 6ம + 4 ≤ 2ம − 8 என்பதற்கு ம ≤ −3/2 வந்திருக்கிறது. போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் −5, வலப்பக்கம் −11, வித்தியாசம் 6. இதை 3/2-ஆல் வகுத்தால் 4. நான்கு ம-க்கள் எங்கோ கூடவோ குறையவோ ஆகியிருக்கின்றன. 4 என்பது 2-இன் இரு மடங்கு. 2ம-வை இடப்பக்கம் கொண்டுவரும்போது கழிக்காமல் கூட்டி 8ம ஆக்கியிருக்கிறீர்கள். சரியானது 4ம ≤ −12, ம ≤ −3.

ஒரே கணக்கில் இரண்டு பிழை இருந்தால் இந்தத் தடயம் குழம்பிவிடும். அப்போது வேறு வழியில்லை. ஒவ்வொரு வரியிலும் ஏதாவது ஓர் எளிய எண்ணைப் போட்டு, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் எந்த வரியில் காரணமில்லாமல் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும்.

அறிகுறி: ம காணாமல் போய்விட்டது

2(ம + 3) > 2ம + 1 என்பதைப் பிரித்தால் 2ம + 6 > 2ம + 1. இரு பக்கமும் 2ம கழித்தால் 6 > 1. ம இல்லை. பதற்றத்தில் சிலர் ம = 0 என்று எழுதுகிறார்கள், சிலர் 6 > 1 என்பதையே விடையாக விட்டுவிடுகிறார்கள்.

இது பிழையே அல்ல. மிஞ்சியிருக்கும் வாக்கியம் உண்மையா என்று பாருங்கள். 6 > 1 உண்மை. அது ம-வைப் பொறுத்ததே இல்லை. எனவே எந்த மெய்யெண்ணைப் போட்டாலும் கேள்வி உண்மையாகும், தீர்வு மெய்யெண்கள் அனைத்தும். 3ம − 4 ≥ 3(ம + 1) என்பது −4 ≥ 3 என்று முடியும். பொய். எந்த எண்ணும் தீர்வாகாது, தீர்வுக் கணம் வெற்றுக் கணம்.

அறிகுறி: விடையைப் படித்தாலே அபத்தமாக இருக்கிறது

5 < ம < −2 என்று எழுதிவைத்திருப்பார்கள். சத்தம் போட்டுப் படியுங்கள்: 5-ஐ விடப் பெரியது, −2-ஐ விடச் சிறியது. அப்படி ஓர் எண் உலகத்தில் இல்லை. இரு முனைகளையும் மட்டும் தனியாகப் பார்த்தால் 5 < −2 என்று நிற்கும்.

இது இரண்டு வழியில் நேர்கிறது. ஒன்று, “ம < −2 அல்லது ம > 5” என்று தனித்தனித் துண்டுகளாக நிற்க வேண்டிய விடையை ஒட்டிவிடுவது. “அல்லது” என்றால் எண்கோட்டில் இரண்டு கைகள் எதிரெதிர்த் திசையில் விரிந்திருக்கும். அதை ஒரே வரியில் ஒட்டி எழுதக் குறியீடு கிடையாது. ஒட்டி எழுதுவது “மற்றும்” என்ற பொருளுக்கு மட்டும்தான்.

இன்னொன்று, இரட்டை அசமன்பாட்டில் எண் மாறிக் குறி மாறாதது.

−5 ≤ 3 − 2ம < 9
−8 ≤ −2ம < 6
4 ≥ ம > −3

−2-ஆல் வகுக்கும்போது இரண்டு குறியும் திரும்ப வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பினால் 4 ≥ ம < −3 என்று ஒரு விசித்திரப் பிராணி பிறக்கும். எதையுமே திருப்பாவிட்டால் 4 ≤ ம < −3. கடைசியில் சின்ன எண் இடப்புறம் வரும்படி −3 < ம ≤ 4 என்று எழுதுங்கள். கோடு 4-உடன்தான் போகும், −3-உடன் அல்ல. இப்படித் திருப்பி எழுதும்போது கோடு இடம் மாறிப்போவது வழக்கம்.

நடுவில் மட்டுமல்லாமல் ஓரங்களிலும் ம இருந்தால், உதாரணமாக 2ம − 1 < ம + 3 < 3ம + 1, மூன்று பக்கமும் சேர்த்து இழுக்காதீர்கள். இரண்டாக வெட்டுங்கள். 2ம − 1 < ம + 3 என்பதிலிருந்து ம < 4. ம + 3 < 3ம + 1 என்பதிலிருந்து ம > 1. இரண்டும் பொருந்தும் இடம் 1 < ம < 4.

அறிகுறி: விடையில் பாதி காணோம்

மட்டு மதிப்பு உள்ள கணக்கில் இது சகஜம். |2ம − 1| > 7 என்பதற்கு ம > 4 மட்டும் எழுதுவது. 0-விலிருந்து 7-க்கும் அதிக தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. தூரம் இரு பக்கமும் உண்டு. 2ம − 1 < −7 என்பதையும் சேர்த்தால் ம < −3. விடை: ம < −3 அல்லது ம > 4. குறி < ஆக இருந்தால் இரண்டுக்கும் நடுவே: −3 < ம < 4. வலப்பக்கம் குறை எண் இருந்தால், |3ம + 1| < −2 மாதிரி, பேனாவைக் கீழே வைத்துவிடலாம். தூரம் குறை எண்ணாகாது, தீர்வு இல்லை.

6/ம < 2 போன்றவை ஒருபடி மாதிரி வேடம் போடும். ம-ஆல் பெருக்கி 6 < 2ம, ம > 3 என்று முடித்துவிடுவார்கள். −1-ஐப் போடுங்கள்: −6 < 2, உண்மை. ஆனால் விடையில் −1 இல்லை. ம மிகையா குறையா என்று தெரியாமலே அதனால் பெருக்கியதுதான் தவறு. ம குறை எண்ணாக இருந்தால் குறி திரும்பி ம < 3 வரும்; ம < 0 என்ற நிபந்தனையோடு சேர்ந்தால் குறை எண்கள் அனைத்தும் தீர்வு. முழு விடை: ம < 0 அல்லது ம > 3. கெழு எழுத்தாக இருந்தாலும் இதே எச்சரிக்கை. கம > 5க என்பதில் க மிகை என்றால் ம > 5, குறை என்றால் ம < 5.

அறிகுறி: முனையில் மட்டும் மதிப்பெண் குறைகிறது

வட்டம் நிரப்பியதா வெற்றா என்பதுதான் இங்கே விஷயம். <, > என்றால் வெற்று வட்டம், சாதா அடைப்பு. ≤, ≥ என்றால் நிரப்பிய வட்டம், சதுர அடைப்பு. ம ≥ −4 என்பது [−4, ∞). முடிவிலிப் பக்கம் சதுர அடைப்பு ஒருநாளும் வராது, ஏனென்றால் அது போய்ச் சேரக்கூடிய எண் அல்ல. வரலாற்றிலும் குறிக்கு அடியில் உள்ள கோடு தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் அச்சில் கொண்டுவந்தார். <, > இரண்டும் தாமஸ் ஹாரியட் இறந்து 10 ஆண்டு கழித்து, 1631-இல் வெளியான அவருடைய நூலில் வந்தன. அடியில் கோடு சேர்த்து எழுதும் வழக்கத்தை 1734-இல் பியர் பூகே பயன்படுத்தினார். அவர் இட்டவை இரண்டு கோடுகள்.

அறிகுறி: வரைபடத்தில் நிழலிட்ட பக்கம் தவறு

2ம − ந > 4. இதில் ந இரண்டாவது மாறி, செங்குத்து அச்சில் வரும். கோடு (2, 0), (0, −4) வழியே போகிறது. சமம் இல்லாததால் விட்டுவிட்டுப் போட்ட கோடு. இதுவரை சரி. அப்புறம் > என்பதைப் பார்த்து “பெரியது, ஆகவே மேலே” என்று நிழலிடுகிறார்கள். அந்தக் குறுக்குவழி ந தனியாக, மிகைக் கெழுவோடு நிற்கும்போதுதான் செல்லும். இங்கே ந-வின் கெழு −1. ஆதிப்புள்ளியைப் போடுங்கள்: 0 > 4, பொய். ஆதிப்புள்ளி இல்லாத பக்கம்தான் விடை, அதாவது கோட்டுக்குக் கீழே. கோடே ஆதிப்புள்ளி வழியாகப் போனால், (1, 0) போல அந்தக் கோட்டில் இல்லாத ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மூன்று சோதனையும் தேறியது, ஆனாலும் விடை தவறு

இதுதான் சங்கடமான வகை. அசமன்பாட்டைச் சரியாகத் தீர்த்துவிட்டீர்கள். ஆனால் கேள்வி கேட்டது வேறு அசமன்பாடு. சோதனை எண்களை இனி நீங்கள் எழுதிய வரியில் போட்டுப் பயனில்லை, கேள்வியின் வாக்கியத்திலேயே போட வேண்டும்.

தமிழில் முதல் பொறி “குறைந்தது”. “குறைந்தது 40” என்றால் ≥ 40. ஆனால் “குறை” என்ற ஒலி கையை < பக்கம் இழுக்கிறது. அதேபோல “அதிகபட்சம் 40” என்பது ≤ 40. “40-க்கு மிகாமல்”, “40 வரை” இரண்டும் ≤. “40-க்குக் குறையாமல்” ≥. “40-க்கு மேல்” என்றால் >, கோடு இல்லை. குழப்பமாக இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: சரியாக 40 இருந்தால் ஒப்புக்கொள்வார்களா? 41 இருந்தால்? முதல் பதில் முனையைச் சொல்லும், இரண்டாவது பக்கத்தைச் சொல்லும்.

“ம-வை விட 3 குறைவு” என்பதும் “ம, 3-ஐ விடக் குறைவு” என்பதும் ஒன்றல்ல. முன்னது ம − 3, வெறும் கோவை. பின்னது ம < 3. “30-இலிருந்து ஓர் எண்ணின் 4 மடங்கைக் கழித்தால் 6-க்கு மிகாது” என்றால் 30 − 4ம ≤ 6, ம ≥ 6. வரிசை மாறி 4ம − 30 ≤ 6 என்று எழுதினால் ம ≤ 9 வரும், சோதனைகள் எல்லாம் தேறும், விடை மட்டும் தவறு. 0-ஐ வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: 30-இலிருந்து 0 போனால் 30, அது 6-க்கு மிகுந்துவிட்டது. ம ≤ 9-க்குள் 0 இருக்கிறது. மாட்டிக்கொண்டது.

அப்புறம் முழு எண் கேட்கும் கணக்குகள். 600 கிலோ தாங்கும் ஒரு லிஃப்ட். இயக்குபவர் 72 கிலோ. ஒரு பெட்டி 45 கிலோ. எத்தனை பெட்டி ஏற்றலாம்? 72 + 45ம ≤ 600, ம ≤ 11.73. தோராயமாக்கும் பழக்கத்தில் 12 என்று எழுதினால் மொத்தம் 612 கிலோ, 12 கிலோ அதிகம். ≤ வந்தால் கீழ்ப்பக்க முழு எண், 11. ≥ வந்தால் மேல்பக்க முழு எண்: ம ≥ 7.2 என்றால் 8. அருகில் எது என்று பார்க்கும் வேலையே இங்கே கிடையாது. விடை முழு எண்ணாகவே வந்தால் குறிக்கு அடியில் கோடு உண்டா என்று பாருங்கள். ம > 3 என்றால் முதல் முழு எண் 4.

கடைசியாக, கேள்வி வாய்விட்டுச் சொல்லாத வரம்பு. நூற்றுக்கு நடக்கும் ஐந்து தேர்வுகளில் நான்கில் 72, 85, 64, 78. சராசரி குறைந்தது 75 வேண்டும் என்றால் 299 + ம ≥ 375, ம ≥ 76. சரி. சராசரி குறைந்தது 82 வேண்டும் என்றால் 299 + ம ≥ 410, ம ≥ 111. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நூற்றுக்கு நடக்கும் தேர்வில் ம ≤ 100 என்பது சொல்லாமலே உள்ள இரண்டாவது அசமன்பாடு. இரண்டுக்கும் பொதுவான எண் எதுவும் இல்லை. விடைத்தாளில் ம ≥ 111 என்று நிறுத்தாமல், அந்தச் சராசரியை இனி எட்ட முடியாது என்று எழுதினால்தான் முழு மதிப்பெண்.